இருபத்தொரு வளையல், அறுபது குண்டு

பெரிய மார்க்கெட்டில் பூக்கடை வரிசை முடிகிற இடத்தில், வளையல் கடைக்கு முன்னால் ஸ்டூல் போட்டு மேனகா உட்கார்ந்திருந்தாள். அக்டோபர் முதல் சனிக்கிழமை, காலை பத்தே முக்கால். நேரம் இவ்வளவு சரியாக எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். இந்த மாதிரி விஷயங்களில் நேரத்தைச் சேர்த்துச் சொன்னால்தான் தெரு நம்புகிறது. நான் சங்கரா மீன் வாங்கிக்கொண்டு வந்தவள். பையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அப்படியே ஒரு தூணுக்குப் பின்னால் நின்றுவிட்டேன்.

இடது கையை நீட்டி வைத்திருந்தாள். கடைக்காரர் பச்சைக் கண்ணாடி வளையலை ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டிருந்தார்.

"இன்னும் சின்ன சைஸ் குடுங்கண்ணே."

"ரெண்டே காலே ஒனக்குப் புடிச்சாப்ல இருக்கும்மா. இதுக்குக் கீழ போடணும்னா எலும்ப கழட்டி வெச்சிட்டு வரணும்."

"ரெண்டே அரைக்கால் போட்டுப் பாருங்க."

அவர் இவள் கையில் பாலித்தீன் கவரை மாட்டி, அதன் மேல் வழுக்கி வழுக்கிப் பத்து வளையலை ஏற்றினார். பத்தாவது ஏறியதும் இவள் எழுந்து நின்று, முழங்கையை இடுப்பில் ஊன்றி, உள்ளங்கையை மேலே பார்க்க வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். ஓட்டலில் தட்டு ஏந்தும் சர்வர் மாதிரி. ஒரு நிமிடம் இருக்கும். பூ வாங்க வந்தவர்கள் எல்லாம் வேடிக்கை பார்த்தார்கள். பிறகு கண்ணைத் திறந்து, "இதே மாதிரி மூணு டஜன் கட்டிடுங்க" என்றாள்.

அவளுக்கு அப்போது ஆறாம் மாதம் பிறந்து ஒரு வாரம். ஐப்பசி கடைசி வெள்ளிக்கிழமை வளைகாப்பு என்று அவள் மாமியார் பார்வதி அக்கா தெருவுக்கே சொல்லியாயிற்று. அதற்கு முன்னால் வயிற்றுப்பிள்ளைக்காரி ஒருத்தி தானாக மார்க்கெட்டுக்கு வந்து, தானாகக் கையை நீட்டி, கண்ணாடி வளையல் போட்டுக்கொள்கிறாள். முத்தியால்பேட்டையில் நான் வாழ்க்கைப்பட்டு வந்து முப்பது வருடம் ஆகிறது. இப்படி ஒன்றைக் கேள்விப்பட்டதில்லை. நான் ஒரே ஒருத்தியிடம்தான் சொன்னேன். அவள் மாவு மில் வைத்திருப்பவள் என்பது என் குற்றமா?

மேனகா எங்கள் பக்கத்து வீட்டு மருமகள். பாகூர்ப் பக்கம் விவசாயக் குடும்பம். சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்க்கும் ஹரிகிருஷ்ணனுக்குக் கட்டிக்கொடுத்து நாலு வருடம் ஆகிறது. இங்கே ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் பி.டி. மிஸ். இரண்டரை வருடத்துக்கு முன்னால் லாஸ்பேட்டையில் புதிதாகத் திறந்த துப்பாக்கி சுடும் இடத்தைக் காட்டுவதற்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனாள். பிள்ளைகள் திரும்பி வந்துவிட்டார்கள். இவள் வரவில்லை. அதாவது உடம்பு வந்தது. மனசு அங்கேயே நின்றுவிட்டது. வாரத்துக்கு நாலு நாள் சாயங்காலம் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். துப்பாக்கி கிளப்புடையது. அதை வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. அதனால் வீட்டில் ஒரு மரச்சட்டத்தில் இரண்டு தண்ணீர் பாட்டிலைக் கட்டி, மொட்டைமாடியில் நின்று அதைத் தோளில் வைத்து, அரைமணி நேரம் அசையாமல் பழகுவாள். எதைப் பார்த்து? என் வீட்டு மொட்டைமாடிச் சுவரைப் பார்த்து.

அந்த விஷயம் எனக்கு முதலில் தெரியாது. ஒருநாள் காலை துணி காயப்போட ஏறினால், கைப்பிடிச் சுவரில் கன்னங்கரேலென்று ஒரு பொட்டு. யாரோ நம் குடும்பத்துக்கு ஏதோ செய்துவிட்டார்கள் என்று பதறி, மஞ்சள் தண்ணீர் தெளித்துச் சுரண்டி எடுத்தேன். மறுநாள் அதே இடத்தில் அதே பொட்டு. எலுமிச்சம்பழம் அறுத்து வைத்தேன். மூன்றாம் நாளும் பொட்டு. நாலாம் நாள் மேனகா வந்து நின்று, "அக்கா, அது என் புள்ளி. தயவுசெஞ்சு அழிக்காதீங்க. எலுமிச்சம்பழம் வெச்சா கண்ணு அங்க போவுது" என்றாள். அன்றிலிருந்து என் சுவரில் அந்தப் புள்ளி இருக்கிறது. வீட்டுக்காரர்கூட வெள்ளையடிக்கும்போது அதைச் சுற்றித்தான் அடித்தார்.

போன வருடப் போட்டியில் அவள் ஆறே ஆறு துளியில் தவறவிட்டாள். ஆறு மார்க் இல்லை. ஒரு மார்க்கைப் பத்தாக உடைத்தால் அதில் ஆறு. அறுபது குண்டு சுட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் பத்துப் புள்ளி ஒன்பது. மொத்தம் அறுநூற்றுப் பத்து வந்தால் அடுத்த கட்டப் போட்டிக்குத் தகுதி. இவளுக்கு வந்தது அறுநூற்று ஒன்பது புள்ளி நாலு. தெருவில் அவளுக்குப் 'பாயின்ட்டு சிக்ஸ்' என்று பெயர் வைத்தது நான் இல்லை. ஆனால் நல்ல பெயர் என்று சொன்னேன்.

இந்த வருடம் உண்டாகியிருக்கிறாள். டாக்டரம்மா போட்டிக்குச் சம்மதித்துவிட்டார்: ஈயம் இல்லாத குண்டாக இருக்க வேண்டும், கை கழுவாமல் ஒன்றும் வாயில் போடக் கூடாது, அரைமணிக்கு ஒருமுறை உட்கார வேண்டும். பார்வதி அக்காதான் தடை. அவளைச் சும்மா குறை சொல்ல முடியாது. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒன்று ஐந்தாம் மாதத்தில் கலைந்துவிட்டது. அந்தச் சாயங்காலம் ஆட்டோ பிடித்து வந்தது நான்தான். ஆட்டோவில் பார்வதி அக்கா மருமகளின் இரண்டு காலையும் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரி வரும்வரை அப்படியே பிடித்திருந்தாள். அதனால் இந்தத் தடவை ஒவ்வொன்றையும் முறைப்படி செய்ய வேண்டும் என்பதில் அவள் இரும்பு. ஏழாம் மாதம் ஐப்பசி. எட்டில் செய்யக் கூடாது. ஒன்பதாம் மாதம் மார்கழியில் விழுகிறது. மார்கழியில் யார் வளைகாப்பு செய்வார்கள்? ஆக ஐப்பசி கடைசி வெள்ளியை விட்டால் வேறு நாள் கிடையாது. போட்டி அதற்கடுத்த ஞாயிறு. அதைத் தள்ளிவைக்க மேனகாவால் முடியாது. பிள்ளை பிறந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நாலு பேர் சொன்னோம். "பொறந்த பிறகு யாரு விடுவாங்க அக்கா? நம்ம தெருவுல யாரையாவது விட்டாங்களா?" என்று கேட்டாள். நான் மனசுக்குள் தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை வீடு வீடாக எண்ணிப் பார்த்தேன். தையல் பரீட்சை பாதியில் நின்றவள், பாட்டு நின்றவள், வங்கிப் பரீட்சைப் புத்தகத்தைப் பழைய பேப்பர்காரனிடம் போட்டவள். மோர் குடிக்கப் போய்விட்டேன்.

மாவு மில் தன் வேலையைச் சரியாகச் செய்தது. அன்று சாயங்காலமே பார்வதி அக்கா மதிலுக்கு மேலே தலையை நீட்டி, "கல, இங்க வாடி" என்று என்னைக் கூப்பிட்டாள். போனேன். மேனகா கூடத்தில் நின்றிருந்தாள். மூன்று டஜன் வளையலும் மேஜைமேல் பொட்டலமாக இருந்தது.

"மார்க்கெட்டுல வளையல் போட்டுக்கிட்டியாமே?"

மேனகா மாமியாரைப் பார்க்கவில்லை; என்னைப் பார்த்தாள். முப்பது அடிக்கு அந்தப் பக்கம் ரவையில் பாதி அளவு புள்ளியைப் பார்த்துப் பழகிய கண். எனக்குப் புடவைத் தலைப்பைச் சரிசெய்ய வேண்டியிருந்தது.

"போட்டுக்கல அத்தை. அளவு பாத்து வாங்கினேன். பழகறதுக்கு."

"வளையல் போடப் பழகணுமா? பொறந்ததுலேர்ந்து பொம்பளதானே நீ?"

"வளையலோட சுடப் பழகணும். வெள்ளிக்கிழம போட்டா பிள்ள பொறக்கறவரைக்கும் கழட்டக் கூடாதுன்னு நீங்க சொன்னீங்க. போட்டிக்குப் போவட்டுமான்னு கேட்டேன். வளையலோட போறதுன்னா போன்னு சொன்னீங்க."

"சொன்னேன்தான். முடியாதுன்னு நெனச்சில்ல சொன்னேன்."

அதுதான் பார்வதி அக்கா. மனசில் இருப்பதை அப்படியே போட்டு உடைத்துவிடுவாள். மேனகா சிரிக்கவில்லை.

"சொன்னா சொன்னதுதான் அத்தை."

"ஒடஞ்சா? அது ஒடஞ்சா என்னான்னு தெரியுமில்ல ஒனக்கு?"

"ஒடையக் கூடாதுன்னுதான் ஒன்ற மாசம் முன்னாடியே ஆரம்பிக்கிறேன்."

பார்வதி அக்கா என் பக்கம் திரும்பினாள். "நீதான் எல்லாத்தையும் பாக்கறவளாச்சே. அங்க போயி என்னா நடக்குதுன்னு பாத்துட்டு வந்து சொல்லு." இப்படியாகத்தான் எனக்கு அந்த இடத்துக்குள் போகும் அதிகாரம் கிடைத்தது. கேட்காமல் கிடைத்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அது முன்பு பிளைவுட் குடோனாக இருந்த கட்டடம். ஜன்னல் கிடையாது. ஏசி போட்டிருந்தார்கள். பத்துப் பேர் நிற்கிற மாதிரி பத்துத் தடம்; ஒவ்வொன்றின் கடைசியிலும் வெளிச்சத்தில் ஒரு வெள்ளைச் சதுரம், நடுவில் கறுப்பு. துப்பாக்கி என்றால் காதைப் பிளக்கும் என்று பஞ்சு கொண்டுபோயிருந்தேன். வீணாகிவிட்டது. எண்ணெயில் கடுகு வெடிப்பதைவிடக் கொஞ்சம் பெரிய சத்தம், அவ்வளவுதான். சொல்லிக்கொடுப்பவன் ஜெஸ்டின் என்று ஒரு பையன். இருபத்தாறு வயது இருக்கலாம். மேனகா அவனை "சார்" என்கிறாள். அவன் அவளை "அக்கா" என்கிறான். இரண்டு பேருக்கும் அது விசித்திரமாகத் தெரியவில்லை.

மேனகா முதலில் தட்டையான பூட்ஸ் போட்டாள். அதைப் போட்டால் எல்லாரும் வாத்து மாதிரிதான் நடக்கிறார்கள். பிறகு கேன்வாஸ் கோட்டு. கல்யாணப் பந்தல் துணியை இரண்டு மடிப்பு மடித்துத் தைத்த மாதிரி விறைப்பு. யாரோ பயன்படுத்தியது, வயிற்றுக்காகப் பொத்தானை இரண்டு தடவை தள்ளித் தைத்திருந்தாள். வளையல் போட்ட கை அதற்குள் போகவில்லை. அப்போதுதான் கைப்பையிலிருந்து ஒரு பாலித்தீன் கவரை எடுத்தாள். வளையல்காரர் செய்த அதே வேலை: கவரைக் கையில் மாட்டி, அதன் மேல் கோட்டுக்கையை வழுக்கி ஏற்றி, நுனி வழியாகக் கவரை உருவினாள். ஜெஸ்டின் வாயைப் பிளந்தான். எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

அதற்குப் பிறகு பெருமைப்பட ஒன்றும் இல்லை. துப்பாக்கி ஐந்து கிலோ. அதன் எடை முழுவதும் இடது உள்ளங்கையில் இறங்கி, கை வழியாக முழங்கைக்கு வந்து, இடுப்பெலும்பில் போய் உட்கார வேண்டும். கை வெறும் தூணாக இருக்க வேண்டுமாம். தூணில் சதையே இல்லை என்று நினைத்துக்கொள்ள வேண்டுமாம். ஆனால் இந்தத் தூணைச் சுற்றிப் பத்து வளையல் இருந்தது. கையை நிமிர்த்தியதும் கோட்டுக்குள் அவை ஒன்றன்மேல் ஒன்று சரிந்தன. மூச்சு விடும்போது ஒரு சரிவு, பிடிக்கும்போது ஒரு சரிவு. ஒன்பது புள்ளி ஒன்று. எட்டு புள்ளி எட்டு. ஏழு புள்ளி நாலு. முதல் நாள் நாலு வளையல் உடைந்தது. ஒவ்வொரு தடவையும் கோட்டைக் கழற்றி, சில்லைப் பொறுக்கி, ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு, புதிதாக ஒன்று ஏற்றிக்கொண்டு மறுபடியும் நின்றாள்.

ஜெஸ்டின் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னான்: "அக்கா, அன்னிக்கி ஒரு ரெண்டு மணி நேரம் கழட்டி வெச்சிட்டு சுடுங்க. முடிஞ்சதும் மாட்டிக்கலாம். யாருக்குத் தெரியப்போவுது?" சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன்.

"வேணாம் சார்."

"இதெல்லாம் நம்பறீங்களா நீங்க?"

மேனகா முழங்கையை இடுப்பில் வைத்துப் பார்த்து, ஒரு விரல் தள்ளி மறுபடி வைத்துப் பார்த்தாள். "நம்பிக்கை இல்ல சார். கழட்டற தைரியமும் இல்ல. போன தடவ என்னால ஆச்சா, எதனால ஆச்சுன்னு இன்னும் யோசிச்சிட்டுதான் இருக்கேன். இன்னொண்ண யோசிக்க எடம் இல்ல. வளையலோட சுடறது சுலபம்."

சுலபம் என்று சொன்னவள் அடுத்துச் சுட்டது ஏழு புள்ளி ஒன்பது.

பார்வதி அக்காவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். ஜெஸ்டின் சொன்னதையும் இவள் சொன்னதையும் மட்டும் விட்டுவிட்டேன். ஏன் விட்டேன் என்று இன்றுவரை எனக்கே விளங்கவில்லை. என் வாயிலிருந்து தப்பித்த முதல் சேதி அதுதான்.

அந்த ஒன்றரை மாதம் மழை. மேனகா ஸ்கூட்டியை விட்டுவிட்டு ஆட்டோவில் போனாள். வாரம் இரண்டு நாள் நானும் போனேன். பார்வதி அக்காவுக்காகத்தான். முதல் வாரம் பதினொன்று உடைந்தது. இரண்டாம் வாரம் ஆறு. மூன்று டஜன் போதாமல் இன்னும் இரண்டு டஜன் வாங்கினாள். எதையும் திடீரென்று கண்டுபிடித்துவிடவில்லை. தினமும் ஒரு மயிரிழை. காலை அரை விரல் திருப்பினால் வளையல் சரிவது குறைகிறதா? முழங்கையை முன்னால் தள்ளினால்? வயிறு வாரத்துக்கு வாரம் வளர்ந்துகொண்டிருந்தது. திங்கட்கிழமை சரியாக இருந்த நிலை வியாழக்கிழமை சரியாக இல்லை. ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தாள். துப்பாக்கியை எடுப்பாள், கன்னத்தை வைப்பாள், எட்டு விநாடி. அதற்குள் சரியாக அமையவில்லை என்றால் சுடாமல் இறக்கிவிடுவாள். அதுதான் எனக்கு முதலில் எரிச்சலாக இருந்தது. இவ்வளவு கஷ்டப்பட்டுத் தூக்கிவிட்டு எதற்கு இறக்குவது? "சுட்டுத் தொலையேன்டி" என்று ஒருநாள் சொல்லியேவிட்டேன். ஜெஸ்டின்தான் விளக்கினான்: "எல்லாரும் சுடுவாங்க. எறக்கறதுக்குதான் பழகணும்." உள்ளே பிள்ளை உதைத்தாலும் இறக்குவாள். இறக்கிவிட்டு வயிற்றைப் பார்த்து, "முடிஞ்சுதா?" என்று கேட்பாள். பிறகு மறுபடியும் முதலிலிருந்து. கடைசி வாரம் ஒன்றுகூட உடையவில்லை. அறுநூற்று எட்டு வந்தது. வியாழக்கிழமை அறுநூற்றுப் பதினொன்று. அன்று அவள் எனக்குத் தேங்காய் பன் வாங்கிக்கொடுத்தாள். 'பாயின்ட்டு சிக்ஸ்' என்று நான் கூப்பிடுவதில்லை என்று அன்றைக்குத்தான் தீர்மானித்தேன்.

வெள்ளிக்கிழமை வளைகாப்பு. பாகூரிலிருந்து வேனில் முப்பது பேர். ஐந்து வகைச் சாதம். முதலில் வேப்பங்காப்பு, பிறகு கண்ணாடி. வளையலை மேனகா சொன்ன அளவிலேயே பார்வதி அக்கா வாங்கி வைத்திருந்தாள். அது எனக்கு ஆச்சரியம். இடது கைக்குப் பத்து, வலது கைக்குப் பதினொன்று. வந்தவர்களில் ஒவ்வொருத்தியும் ஏற்றுவதற்குள் வியர்த்துவிட்டார்கள். "பொண்ணுக்குக் கை வீங்கியிருக்கு, பெரிய சைஸ் வாங்கியிருக்கக் கூடாதா?" என்று மேனகாவின் பெரியம்மா வீராயி முனகினாள். கன்னத்தில் சந்தனம், தலை நிறையப் பூ, பட்டுப்புடவை. பாட்டு நடந்துகொண்டிருக்கும்போதே மேனகா இடது முழங்கையை இடுப்பில் ஊன்றி உள்ளங்கையை மேலே திருப்பிப் பார்ப்பதை நான் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டாள். பெண்கள் எல்லாம் சாமி கும்பிடுகிறாள் என்று நினைத்தார்கள். அவள் அம்மா அன்றைக்கே கூட்டிக்கொண்டு போகிறேன் என்றாள். "ஞாயித்துக்கிழம சாயங்காலம் நானே வரேம்மா" என்றாள் இவள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆட்டோவில் மேனகா நடுவில், நான் ஒரு பக்கம், மறுபக்கம் பார்வதி அக்கா. அவள் வருவதாகப் பேச்சே இல்லை. ஆட்டோ கிளம்பும்போது ஏறி உட்கார்ந்தாள். ஹரிகிருஷ்ணனுக்கு ஷிப்ட்.

போட்டிக்கு முன்னால் கோட்டு, பூட்ஸ், துப்பாக்கி எல்லாவற்றையும் சோதிக்கிறார்கள். சோதித்தவர் ஆனந்தமேரி என்று ஒரு அம்மாள். அறுபது வயது, வெட்டிய முடி, பாதிக் குடும்பம் பாரிசில், ஆண்களை 'முசியே' என்றுதான் கூப்பிடுவார். மேனகாவின் இரண்டு கையையும் தூக்கிப் பார்த்தார். வளையல் குலுங்கியது. வரிசையில் பின்னால் நின்றிருந்த ஒரு பெண்ணின் அப்பா முன்னால் வந்தார்.

"மேடம், மணிக்கட்டுக்கு சப்போர்ட் குடுக்கற மாதிரி எதுவும் போடக் கூடாதுன்னு ரூல் இருக்கு. இது சப்போர்ட்தானே?"

ஆனந்தமேரி மேனகாவின் மணிக்கட்டைப் பிடித்து முன்னும் பின்னும் மடக்கிப் பார்த்தார். நன்றாகவே மடங்கியது. பிறகு அவர் பக்கம் திரும்பினார்.

"சப்போர்ட்டா? முசியே, நீங்க பத்து வளையல் மாட்டிக்கிட்டு ஒரு குண்டு சுட்டுக் காட்டுங்க. சப்போர்ட்டா இருந்தா இவங்கள வெளிய அனுப்பறேன்."

அவர் தன் நாற்காலிக்குப் போனார்.

பார்வையாளர்கள் உட்காரப் பின்னால் மூன்று வரிசை பிளாஸ்டிக் நாற்காலி. சுவரில் ஒரு டிவி. அதில் பத்துப் பேரின் மார்க்கும் ஓடுகிறது. பேசக் கூடாது, போன் அடிக்கக் கூடாது. எழுபத்தைந்து நிமிடம் பேசக் கூடாது என்றால் என்னைப் போன்றவளுக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். பார்வதி அக்காவிடம் காதோரமாகக் கணக்கு மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். முதல் பத்து குண்டு நூற்றொன்று புள்ளி இரண்டு. அடுத்த பத்து நூற்றிரண்டு. மூன்றாவது, நாலாவது பத்தும் அப்படியே. நாற்பது முடிந்தபோது நானூற்று ஏழரை. "அப்படின்னா?" என்றாள். "இப்படியே போனா வந்துடும்" என்றேன்.

நாற்பத்தொன்றாவது குண்டு. துப்பாக்கி ஏறியது, கன்னம் படிந்தது. 'டிக்' என்று ஒரு சத்தம். அதோடு சேர்ந்தே குண்டும் போய்விட்டது. டிவியில் எட்டு புள்ளி ஏழு. யாருக்கும் புரிந்திருக்காது. எனக்கும் பார்வதி அக்காவுக்கும் புரிந்தது. அந்தச் சத்தம் எங்கள் இரண்டு பேருக்கும் பிறந்ததிலிருந்து தெரிந்த சத்தம்.

மேனகா துப்பாக்கியைத் தாங்கியின்மேல் வைத்தாள். இடது கையைத் தொங்கவிட்டாள். கோட்டுக்கையிலிருந்து பச்சைச் சில்லு ஒன்று அவள் பூட்ஸுக்குப் பக்கத்தில் விழுந்தது. பிறகு இன்னொன்று. அவள் குனிந்து பார்க்கவில்லை. முன்னால் இருக்கும் வெள்ளைச் சதுரத்தையும் பார்க்கவில்லை. வலது கையை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். ஒரு நிமிடம் போயிற்று. இரண்டு நிமிடம். மற்ற ஒன்பது தடத்திலும் கடுகு வெடித்துக்கொண்டிருந்தது. ஓரத்தில் நின்ற ஜெஸ்டின் நகத்தைக் கடித்தான்.

பார்வதி அக்கா எழுந்துவிட்டாள். கூப்பிடப் போகிறாள், போதும் வந்துவிடு என்று சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். சொன்னால் அவள் வந்திருப்பாள். அதுவும் எனக்குத் தெரியும். ஆனந்தமேரி தூரத்திலிருந்து, உட்காருங்கள் என்று கையைக் காட்டினார். பார்வதி அக்கா நின்றுகொண்டே இருந்தாள். கீழே கிடந்த சில்லைப் பார்த்தாள். மருமகளின் முதுகைப் பார்த்தாள். கேன்வாஸ் கோட்டுக்கு முதுகில் சுருக்கம் விழாது. அதனால் உள்ளே இருப்பவள் அழுகிறாளா, மூச்சு வாங்குகிறாளா என்று பின்னாலிருந்து கண்டுபிடிக்க முடியாது.

மேனகா வயிற்றிலிருந்து கையை எடுத்தாள். இரண்டு கைகளையும் ஒருமுறை உதறினாள். துப்பாக்கியை எடுத்துத் தோளில் வைத்தாள்.

பார்வதி அக்கா உட்கார்ந்தாள். "இன்னும் எத்தன?" என்றாள், உதடு அசையாமல்.

"பத்தொம்பது."

"கல."

"சொல்லுங்கக்கா."

"நீ எதையும் பாக்கல. தெருவுல ஒரு வார்த்த வந்துச்சு, மதில ஒசத்திக் கட்டிடுவேன்."

சத்தியம் செய்தேன். தெருவில் இன்றுவரை சொல்லவில்லை. எழுதக் கூடாது என்று அவள் சொல்லவில்லை.

அடுத்து வந்தது ஒன்பது புள்ளி எட்டு. அதற்கடுத்தது பத்து. அந்தப் பத்து குண்டும் முடிந்தபோது ஐந்நூற்று ஏழு புள்ளி மூன்று. அறுநூற்றுப் பத்துக்கு இன்னும் நூற்றிரண்டு புள்ளி ஏழு வேண்டும். கோட்டுக்குள் ஒரு சில்லு இன்னும் மாட்டியிருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. ஒவ்வொரு தடவை இறக்கும்போதும் கையைத் திருப்பி எதையோ ஒதுக்கப் பார்த்தாள். கோட்டைக் கழற்றி மாட்ட நேரம் இல்லை. பாலித்தீன் கவரும் என் மடியில்தான் இருந்தது. கடைசிப் பத்தில் நிறைய இறக்கினாள். நாலு தடவை தூக்கினால் ஒரு தடவைதான் சுட்டாள். பத்து புள்ளி ஐந்து. பத்து புள்ளி இரண்டு. பத்து புள்ளி ஆறு. மற்றவர்கள் ஒவ்வொருவராக முடித்துத் உள்ளே குண்டு இல்லை என்பதற்கு அடையாளமாகத் துப்பாக்கியில் ஆரஞ்சுக் கயிறு மாட்டிவிட்டுப் போனார்கள். வளையல் கூடாது என்ற அப்பாவின் பெண்ணும் முடித்துவிட்டாள். அவள் போகாமல் கோட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்று பார்த்தாள். கடைசியில் அந்தப் பெரிய அறையில் ஒரே ஒரு தடத்தில்தான் ஆள் இருந்தது.

ஐம்பத்தொன்பது முடிந்தது. நான் பார்வதி அக்காவின் காதில், "பத்து புள்ளி நாலு வேணும். ஒண்ணே ஒண்ணு" என்றேன். ஒரு நிமிடம் பத்து விநாடி இருந்தது.

தூக்கினாள். எங்களுக்குப் பக்கவாட்டில் நின்று கன்னம் வைத்தாள். ஆறு விநாடி, ஏழு. பொத்தான் தள்ளித் தைத்த இடத்தில் கோட்டு லேசாக ஒருமுறை எழும்பி அடங்கியது. அவள் இறக்கினாள். 'சுட்டுத் தொலையேன்டி' என்று என் வாய்வரை வந்துவிட்டது. அவள் உதடு அசைந்தது. என்ன கேட்டிருப்பாள் என்று எனக்குத் தெரியும். மிச்சம் நாற்பது விநாடி. மூச்சை விட்டாள். பூட்ஸைச் சில்லின் மேலிருந்து அரை விரல் நகர்த்தி ஊன்றினாள். மறுபடியும் துப்பாக்கியை எடுத்தாள்.

அப்போது எனக்குப் பக்கத்தில் மிக மெலிதாக ஒரு சத்தம் வந்து, உடனே நின்றது. திரும்பினேன். பார்வதி அக்கா தன் இடது கை வளையல்கள் அத்தனையையும் வலது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். மூச்சுகூட விடாமல், ஒன்றோடொன்று படாதபடி அவற்றைப் பிடித்துக்கொண்டு, அவள் நேராக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள்.